முன்றிலும் எங்கவாவும்

‘முன்றில்’ என்னும் சொல்லை நம் மாணவர் இலக்கண வகுப்பில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். ‘இல்முன்’ என நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ என நின்றமையால் அஃது இலக்கணப்போலி என்று மனப்பாடம் செய்து, தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்று, அத்துடன் அதனை மறந்தும் விடுகின்றனர். மறப்பதில் வியப்பென்ன? அச்சொல் சுட்டிய இடமே நம் வீடுகளில் இன்று அரிதாகிவிட்டது. திண்ணை போயிற்று, ரேழி போயிற்று, நடுவே வானம் பார்த்துக் கிடந்த முற்றமும் போயிற்று. வாயிற்படியைத் தாண்டினால் வரவேற்பறை. அதற்கப்பால், பட்டப்பகலிலும் விளக்கேற்றினாலன்றிக் கண் தெரியாத அறைகள்.

இந்நிலையில், ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் தாம் வாங்கியிருந்த மனையில் வீடு கட்ட முனைந்தார். ஜப்பானில் பணிபுரியும் அவர்தம் மகன் அந்நாட்டுப் பழைய வீடுகளின் படங்கள் சிலவற்றை அனுப்பி, ‘இம்முறையிலேயே கட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டார். நண்பருடன் வாழ்பவர் எண்பதைக் கடந்த அவருடைய தாயார். படங்களைப் பார்த்த அவ்வம்மையார், “இது நம்ம ஊர்ப் பழைய வீடு மாதிரித்தானேப்பா இருக்கு? இதுக்கு எதுக்கு ஜப்பானுக்குப் போகணும்?” என்று கேட்டாராம். நண்பர் அக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தார். கட்டடக்கலை நாம் கற்ற துறையன்று. ஆயினும் நூல்களைப் புரட்டவும், அறிந்த கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் கேட்டறியவும் நமக்குத் தடையில்லை அன்றோ? அவ்வாறு தேடிக் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

பாயால் அளந்த வீடு

பழைய ஜப்பானிய வீட்டின் அறையை அடியாலும் முழத்தாலும் சொல்வதில்லை; பாயால் சொல்வர். ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்பதே அவர்தம் வழக்கு. ‘தாத்தாமி’ எனப்படும் அப்பாய், நெல் வைக்கோலை இறுக்கித் தைத்து மேலே கோரை போன்ற ஒருவகைப் புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்தியது. ஏறத்தாழ மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஓர் ஆள் படுக்கும் இடம். இரண்டு பாய் சேர்ந்தது ஒரு ‘த்சுபோ’. நம் கணக்கில் சுமார் 36 சதுர அடி. நாம் சென்ட் என்றும் கிரவுண்டு என்றும் நிலத்தைச் சொல்வதுபோல் அவர்கள் இன்றும் த்சுபோவால் சொல்கின்றனர்.

வாயிலில் நுழைந்ததும் காலணியைக் கழற்றுவதற்கென்று தாழ்ந்த தரையுடன் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து ஒரு படி ஏறித்தான் வீட்டுக்குள் செல்ல வேண்டும். ஆதலின் விருந்தினரை ‘உள்ளே வாருங்கள்’ என்பதற்கு மாறாக ‘ஏறி வாருங்கள்’ என்றே அழைப்பர். அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே, தாழ்ந்த இறவாரத்தின் நிழலில், பலகை பாவிய ஒரு நீண்ட விளிம்பு ஓடும். அதுவே ‘எங்கவா’. அஃது அகமும் அன்று; புறமும் அன்று. அண்டை வீட்டார் காலணியைக் கழற்றாமலே அதன் ஓரத்தில் அமர்ந்து தேநீர் அருந்திச் செல்லலாம். நம் திண்ணையும் தாழ்வாரமும் தனித்தனியே செய்த பணிகளை அந்த ஒரு விளிம்பே செய்தது எனலாம்.

கியோத்தோ நகரத்து வணிகர் வீடுகள் தெருப்பக்கம் மிகக் குறுகியவை. உள்ளே மிக நீண்டவை. ‘விலாங்கின் படுக்கை’ என்று அவற்றைக் கேலியாகச் சொல்வதுண்டு. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அவ்வாறாயின் காற்றும் வெளிச்சமும் எங்கிருந்து வரும்? வீட்டின் நடுவே ‘த்சுபோ-நிவா’ என்னும் சிறு முற்றத் தோட்டத்தை அமைத்தனர். ஒரு கல், ஒரு நீர்த்தொட்டி, நிழலில் வளரும் நாலு செடி, அவ்வளவே. வேனிலில் நீர் தெளித்தால், குளிர்ந்த முற்றத்துக்கும் வெப்பமான தெருவுக்கும் இடையே காற்று அசையத் தொடங்கும். வேனில் வந்ததும் தாள் ஒட்டிய கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, நாணல் தட்டிக் கதவுகளைப் பொருத்துவர். வீட்டுக்கு ஆடை மாற்றுவது போன்ற வழக்கம் அது. வீட்டைக் கோடையை எண்ணிக் கட்டவேண்டும். குளிர்காலத்தில் எங்கும் இருந்துகொள்ளலாம் என்னும் கருத்தை, பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்கோ என்னும் துறவி தம் நூலில் எழுதிவைத்தார். பனி பெய்யும் நாட்டவரே அவ்வாறு சொன்னாரெனில், நாற்பது பாகை வெயிலில் வேகும் நாம் எப்படிச் சொல்ல வேண்டும்!

நம் பக்கம் திரும்பினால், செட்டிநாட்டு வீடுகளின் வளவும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் பலரும் அறிந்தவை. கூரையின் நான்கு சரிவுகளும் முற்றத்தை நோக்கியே சாயும். மழைநீர் அங்கே அண்டாக்களில் இறங்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளுக்குள் இருந்த முற்றமோ, பெண்டிர் பிறர் பார்வை படாமல் காற்று வாங்குவதற்குரிய வானமாக இருந்தது. டமாஸ்கஸ், ஃபெஸ் முதலான நகரங்களிலும் தெருவுக்கு வெற்றுச்சுவரைக் காட்டி, உள்ளே முற்றத்துக்கு முகம் காட்டும் வீடுகளைக் காணலாம். ஆகவே அம்மையார் சொன்னதில் பிழையில்லை. முற்றத்துக்காக நாம் ஜப்பான் செல்லவேண்டுவதில்லை. வேறு இரண்டுக்காகச் செல்லவேண்டியிருக்கிறது. அவற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

புதுவையில் ஒரு கோல்கொண்டா

ஜப்பானிய முறையைத் தமிழ் மண்ணின் வெயிலுக்கு ஏற்ப மாற்றிக் கட்டிய முன்மாதிரி ஏதேனும் உண்டா என்று தேடிய நமக்கு, வியப்பூட்டும் ஒரு விடை புதுச்சேரியிலேயே கிடைத்தது. அங்குள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிக் கட்டடமாகிய ‘கோல்கொண்ட்’ என்பதே அது. வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் தோக்கியோவில் கட்டிய இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக 1919இல் ஜப்பான் சென்றவர். பின்னர் அங்கேயே தங்கித் தொழில் நடத்தினார். கட்டும் பணியை மேற்பார்க்க அவர் அலுவலகத்திலிருந்து வந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா என்னும் இளைஞர். ஜப்பானியப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தர் என்ற பெயர் வழங்கப்பட்டது. இவரே பிற்காலத்தில் மரத்தச்சுக் கலையில் உலகப்புகழ் பெற்றார்.

இதற்கு நிதியுதவி பெற்றுத் தந்தவர் ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சர் அக்பர் ஹைதரி ஆவார். உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவரும், அஜந்தா ஓவியங்களைக் காப்பதில் ஆர்வம் கொண்டிருந்தவரும் அவரே. அவ்வுதவியை நினைவுகூரும் வகையிலேயே, ஐதராபாத்தை அடுத்த கோல்கொண்டாவின் பெயர் இக்கட்டடத்துக்கு வந்தது. ஓர் இந்து ஆசிரமம், ஒரு முஸ்லிம் திவான், ஒரு செக் நாட்டவர், ஒரு ஜப்பானிய வழித்தோன்றல்! 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, உலகப்போரின் இடையூறுகளைக் கடந்து 1940களில் நிறைவெய்தியது.

அக்கட்டடத்தில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கும் தெற்கும் முகம் காட்டி நிற்கும் அதன் இரு பக்கங்களிலும், சுவருக்கு மாறாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. காற்று வரும், வெயில் வராது, வெளியிலிருப்போர் கண்ணும் வராது. அறைக்கும் நடைக்கும் இடையே சட்டங்கள் பொருத்திய தேக்குமரத் தள்ளுகதவு. ஜப்பானிய வீட்டில் தாள்கதவு நின்ற இடத்தில் இங்கே தேக்கு நிற்கிறது. கூரையோ இரட்டைக் கூரை: அடியில் ஒரு தளம், மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையே காற்று ஓட வழி. கீல்கள், தாழ்கள் முதலான பித்தளைப் பொருள்கள் ஆசிரமத்துப் பட்டறையிலேயே வார்க்கப்பட்டன. ஜப்பானைப் பார்த்துப் போட்ட வேடமாக அங்கே ஒன்றும் இல்லை. கல் விளக்கும் இல்லை, மூங்கில் பாலமும் இல்லை. ஆயினும் அஃது எங்கவாவின் மெய்ப்பொருளை உணர்ந்தவர் கட்டியது என்பது கண்கூடு. நண்பரின் மகன் அனுப்பிய படங்களுள் கல் விளக்குகளே மிகுதி என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சித்திரை வெயில்

அப்படியே பார்த்தெழுதினால் கெடுதல் நேரும் என்பதற்குக் காரணம் கதிரவன்தான். கியோத்தோ 35 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கே ஞாயிறு ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. எப்போதும் தென்பக்கமே சாய்ந்து நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய எங்கவாவும் அதன்மேல் நீண்ட இறவாரமும் இருந்தால், கோடையின் உயர்ந்த வெயிலைத் தடுத்து, குளிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை அறைக்குள் விடும். திருவண்ணாமலையோ 12 பாகையில் உள்ளது. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஞாயிறு நேர் தலைக்குமேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே சென்றுவிடும். வடக்குச் சன்னலில் வெயில் விழாது என்று நம்பியிருப்போர் ஜூன் மாதத்தில் ஏமாறுவர். கோல்கொண்டின் இரு பக்கமும் தடுப்புப் பலகைகள் இருப்பதன் நுட்பம் இதுவே.

இது நம் முன்னோர் அறியாததன்று. நெடுநல்வாடையில் அரண்மனைக்குக் கால்கோள் செய்யுமிடத்து, இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்த செய்தி வருகிறது. ஞாயிறு ஒரு பக்கமும் சாராத நண்பகல் அதற்குரிய பொழுது. உரைகண்ட நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதி என்பார். திருவண்ணாமலையில் ஞாயிறு உச்சியில் நிற்கும் ஏப்ரல் 22ஆம் நாள், சித்திரைத் திங்களின் ஒன்பதாம் நாளை ஒட்டி வருகிறது. உரையாசிரியரை வெறும் சொற்பொருள் கூறுவோராக மட்டும் எண்ணும் மாணவர் இதனைக் கருதுக. அதே பாட்டில் மணல் பரப்பிய முற்றமும் உண்டு.

இதிலிருந்து முற்றத்தின் அளவு பற்றி ஒன்று தெளிவாகிறது. இங்கே முற்றம் அகன்று, சுவர் தாழ்ந்திருந்தால் அஃது அடுப்பாகிவிடும். சிறுத்து, சுற்றுச்சுவர் சற்று உயர்ந்திருந்தால், உச்சிவேளையில் ஓரிரு மணி நேரம் தவிர ஏனைய பொழுதெல்லாம் தன் நிழலில் தானே கிடக்கும். இரவில் கூரையும் தரையும் தம் வெப்பத்தைத் திறந்த வானுக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது முற்றத்தில் இறங்கித் தாழ்வாரத்தின் வழியே அறைகளுக்குள் பரவும். பகலில் சூடான காற்று மேலே எழுந்து அதே வாயில் வழியாக வெளியேறும். மின்சாரம் கேட்காத இவ்வேலை, முற்றத்தின்மேல் ஒளி ஊடுருவும் தகடு போட்டு மூடிய அன்றே நின்றுவிடுகிறது. நம் குடும்பத்துப் பழைய வீட்டிலும் பாகப்பிரிவினைக்குப் பின் முற்றத்தை அவ்வாறு மூடினோம். மழைத்தொல்லை தீர்ந்தது, அடுத்த கோடையில் மூன்று மின்விசிறிகள் வாங்கினோம்.

மரமும் தாளும் நம் கறையானுக்கு ஓர் இரவு உணவு. ஆகையால் அவற்றை விட்டுவிடலாம். கருங்கல் தூண், சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு, மூங்கில் தட்டி, வேனிலுக்கு வெட்டிவேர்த் தட்டி ஆகியவை போதும். முற்றத்துத் தரையை ஒரு படி தாழ்த்தி, வடிகாலைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிட்டால், தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பும் அதிலேயே அடங்கிவிடும்.

கால் கிரவுண்டில் முற்றம்

“முற்றமெல்லாம் மிராசுதார் வீட்டுக்குச் சரி, அரைக் கிரவுண்டில் எப்படி?” என்று கேட்பவர்க்கு ஒரு வீட்டைக் காட்டலாம். ததாவோ ஆந்தோ என்னும் கலைஞர் 1976இல் ஒசாகா நகரத்துச் சுமியோஷியில் கட்டிய வரிசை வீடு அது. மனையின் பரப்பு ஏறத்தாழ 57 சதுர மீட்டர். நம் கணக்கில் கால் கிரவுண்டு. அகலம் பதினோர் அடிக்குக் கிட்டத்தட்ட. அதற்குள் வீட்டை மூன்றாகப் பகுத்து, நடுப்பகுதியை முழுவதும் வானுக்கு விட்டுவிட்டார். முன்பகுதி வரவேற்பறையிலிருந்து பின்பகுதி உணவறைக்கும் குளியலறைக்கும் செல்லவேண்டுமானால் முற்றத்தைக் கடந்தே ஆகவேண்டும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1979இல் ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகத்தின் பரிசு அவ்வீட்டுக்குக் கிடைத்தது. இச்செய்தியைக் கேட்ட நண்பரின் தாயார், “ராத்திரியில நான் குடை பிடிச்சுக்கிட்டுப் போகணுமா?” என்றார். பரிசளித்தோர் எவரும் எண்பது வயதினர் அல்லர் போலும்.

நாம் ஜப்பானியரிடம் பெறவேண்டிய இரண்டனுள் ஒன்று இது: அளவில் சிறியதற்கு நாணாமை. ஒரு த்சுபோ, இரண்டு த்சுபோ என்றாலும் வானுக்கு விடுவது.

மலையைக் கடன் வாங்குதல்

மற்றொன்றைச் சொல்ல, மனை இருக்கும் இடத்தை விளக்க வேண்டும். அண்ணாமலையின் தென்சாரலில், செங்கம் சாலையில் உள்ளது ரமணாசிரமம். 1922இல் ரமணரின் அன்னையார் மறைந்து, மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின், மலைமேல் வாழ்ந்த ரமணர் கீழே இறங்கி வந்தார். அன்று அங்கிருந்தது ஒரு கீற்றுக்கொட்டகையே. பின்னர் அன்பர்கள் சிறு சிறு குடில்கள் கட்டினர், தெருக்கள் பெருகின, இன்று பல மாடிகள். மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டார் மிகுதியாக வந்து தங்குவதால் மாடி அறைக்கு நல்ல வாடகையும் உண்டு. ஏறக்குறைய 800 மீட்டர் உயர்ந்த அம்மலை, அப்பகுதிக்கு நேர் வடக்கே நிற்கிறது.

நண்பரின் மனை கிழக்கு மேற்கு 30 அடி, தெற்கு வடக்கு 40 அடி. முன்னே வடக்கில் தெரு. பின்னே ஓர் எட்டடிச் சந்து. சந்துக்கு அப்பால் ஓர் ஓட்டு வீடு. அதில் தனியே வாழ்பவர் ஒரு மூதாட்டி. நாங்கள் மனையில் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து, “தம்பி, மாடி எடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார். மகன் வாடகைக்கென்று மாடி கேட்டிருந்தமையால் நண்பர் ஆம் என்றார். “எடுங்க, உங்க இடம். தீபத்தன்னிக்கு இந்தத் திண்ணையிலதான் உட்கார்ந்திருப்பேன். கால் முடியலை, தெருமுனைக்குப் போக மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏற்றப்படுவது.

ஜப்பானியத் தோட்டக்கலையில் ‘ஷக்கெய்’ என்று ஒன்றுண்டு. ‘கடன் வாங்கிய காட்சி’ என்பது அதன் பொருள். தொலைவில் உள்ள மலையைத் தம் தோட்டத்தின் ஓர் உறுப்பாகக் கொண்டு, வேலியையும் மரத்தையும் அதற்கேற்பத் தாழ்த்தி அமைப்பர். கியோத்தோவின் எந்த்சூஜிக் கோயில் தோட்டம் ஹியெய் மலையைக் கடன் வாங்கியிருப்பது பேர்பெற்றது. அந்நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16ஆம் நாள் இரவு, மூதாதையரை வழியனுப்புமுகமாகச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் எழுத்து வடிவாகத் தீ மூட்டுவர். கட்டடங்கள் உயர்ந்து அம்மலைகள் மறையத் தொடங்கவே, 2007இல் நகராட்சி ஒரு விதி செய்தது. ஹியெய் மலைக்காட்சியும் அத்தீக்காட்சியும் குறிப்பிட்ட இடங்களிலிருந்து மறையாதபடி கட்டடங்களின் உயரத்தை அது வரையறுத்தது. கடன் வாங்கிய காட்சிக்கு உரியவர் ஒருவரல்லர் என்பதை அந்நகரம் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நாங்கள் மூதாட்டியின் இசைவுடன் அவர் திண்ணையில் அமர்ந்து, கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியில் நூலும் சிறு கல்லும் கட்டிப் பார்த்தோம். சிகரம் ஏறத்தாழ 14 பாகை உயரத்தில், சற்றே மேற்காகத் தெரிந்தது. அதாவது நான்கடிக்கு ஓரடி ஏற்றம். அமர்ந்திருப்பவர் கண்மட்டம் தரையிலிருந்து நான்கடி. நண்பரின் பின்சுவர் அங்கிருந்து 20 அடித் தொலைவில் வரும். ஆகவே அஃது ஒன்பது அடிக்கு மேல் உயரக்கூடாது. முன்சுவர் 52 அடித் தொலைவு. அங்கே 17 அடி வரை உயரலாம். இரண்டடுக்கு வீடு அக்கோட்டுக்குள் அடங்காது. பின்னே தாழ்ந்து முன்னே உயரும் ஓட்டுக்கூரை அடங்கும்.

நண்பர் அன்றிரவு உறங்கவில்லை என்று பின்னர்ச் சொன்னார். வாடகை வருவாயை விடுவது எளிதா? மகனிடம் பேசினார், சிறிது மனவருத்தமும் நேர்ந்தது. ஜப்பானிய வீடு வேண்டுமென்று கேட்டவர் நீதானே, இதுவும் அவ்வீட்டைச் சேர்ந்ததுதான் என்று தந்தை சொன்னபோது, மகன் ஒரு வாரம் கழித்து இசைந்தார். சிகரம் மேற்காகத் தெரிவதால், வடகிழக்கு மூலையில் மட்டும் பத்துக்குப் பன்னிரண்டடியில் ஒரு மாடியறை எழுப்பலாம் என்று கொத்தனார் வழி கண்டார். அவ்வறையினால் காட்சி மறையவில்லை என்பதை, மூங்கில்கள் நட்டுக் கயிறு கட்டி மூதாட்டியையே பார்க்கச் செய்து உறுதிப்படுத்தினோம்.

வீட்டின் அமைப்பு இது. இரு பக்கமும் மூன்றடி, முன்னும் பின்னும் நான்கடி விட்டால், உள்ளே 24க்கு 32 அடி நிற்கும். பக்கத்துச் சந்துகள் இரண்டிலும் மட்டும் 240 சதுர அடி வீணாகிறது. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய தெருக்களில் அவ்விடம் முழுதும் முற்றமாக இருந்திருக்கும். இன்றைய வழக்கில் அதற்கு இடமில்லை. எஞ்சிய 768 சதுர அடியில் எட்டுக்குப் பத்தடி முற்றம். இரண்டு த்சுபோவுக்குச் சற்று மேல். வடக்கே திண்ணையும் கூடமும், தெற்கே சமையற்கட்டும் தாயாரின் அறையும். அம்மையார் நனையாமல் நடக்க, முற்றத்தின் மூன்று பக்கமும் நான்கடித் தாழ்வாரம். படியில்லாமல் ஒரே மட்டம். முற்றத்திலிருந்து சிகரம் தெரியாது. கூடத்துக் கதவைத் திறந்தால் மலையின் இடைப்பகுதி தெரியும். சிகரத்துக்குத் திண்ணைக்குத்தான் வரவேண்டும். எதிரே இப்போதைக்கு வெற்று மனை. அதன் உரிமையாளர் என்ன எண்ணியிருக்கிறாரோ, அறியோம். நண்பர் அவரைச் சென்று கண்டுவர எண்ணியிருக்கிறார்.

கடைக்கால் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. முற்றத்தின்மேல் இரும்புக் கம்பி வலை போடுவதா என்பதில் மட்டும் தாய்க்கும் மகனுக்கும் நெடுநாள் வழக்கு இருந்தது. வானத்துக்கு வலை போடுவதா என்று நண்பர் மறுத்தார். சென்ற மாதம் குரங்குகள் வந்து கொத்தனாரின் சோற்றுத்தூக்கைக் கொண்டு போய்விட்டன. வலைக்கு அளவு கொடுத்தாயிற்று.